கொள்ளை நோயும் ஆய்விதழ்களும்

திருத்தணி மலைமீது நின்று வடக்கே நோக்கினால் நகரிக் குன்றுகள் தெரியும். அவை ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தவை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. அன்று முதல் மாநில எல்லைக்கோடு வரைபடத்தில் அழுத்தமாகவே இருக்கிறது. ஆனால் அன்றாட வாழ்வில் அந்தக் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பொதட்டூர்ப்பேட்டையிலும் தறி ஓடுகிறது. நகரியிலும் தறி ஓடுகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருவோரில் தமிழ் பேசுவோரும் உண்டு, தெலுங்கு பேசுவோரும் உண்டு.

கொரோனா வைரசும் இந்தக் கோட்டை மதிக்கவில்லை. 2020ஆம் ஆண்டு அது இரு மாநிலங்களிலும் பரவியபோது, சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பதிவேடுகளை நிரப்பினார்கள். 'இன்னாருக்கு நோய் கண்டது. அவரோடு பழகியவர்கள் இன்னின்னார். அவர்களுள் இத்தனை பேருக்குத் தொற்றியது' என்பன போன்ற எளிய குறிப்புகளே அவற்றில் இருந்தன. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் குறிப்புகளும் ஒன்று சேர்க்கப்பட்டன. நோய் உறுதியான 84,965 பேரும், அவர்களுடன் பழகிய 5,75,071 பேரும் அந்தக் கணக்கில் அடங்கினர். அறிஞர் ரமணன் லட்சுமிநாராயணனும், இரு மாநில அரசுகளின் சுகாதார அதிகாரிகளும், பிறரும் சேர்ந்து அவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அமெரிக்காவின் புகழ்பெற்ற 'சயன்ஸ்' இதழில் 2020 செப்டம்பர் 30 அன்று வெளியாயிற்று.

நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்களில் நூற்றுக்கு 10.7 பேருக்கும், அவ்வளவு நெருங்காதவர்களில் நூற்றுக்கு 4.7 பேருக்கும் தொற்று ஏற்பட்டது என அக்கட்டுரை காட்டியது. ஏறத்தாழ ஒத்த வயதினரிடையேதான் நோய் மிக எளிதாகத் தாவியது என்றும், செல்வ நாடுகளோடு ஒப்பிட்டால் இங்கே இளம் வயதினரிடையே நோயும் மரணமும் அதிகம் என்றும் அது கூறியது. அதுவரை உலகம் பெரிதும் சீனா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களின் கணக்கைக் கொண்டே இந்நோயை அறிந்திருந்தது. நம் ஊர்ப் பதிவேடு அந்தக் குறையை ஓரளவு போக்கியது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வழக்கமாக ஓர் ஆய்வு அச்சில் வர மாதக்கணக்கில் ஆகும். நோயோ நாள்தோறும் பெருகுகிறது. இந்த இரண்டு வேகங்களையும் ஆய்விதழ்கள் எவ்வாறு பொருத்திச் சமாளித்தன? அதில் கிடைத்த நன்மை என்ன, நேர்ந்த விபத்து என்ன? இக்கட்டுரை அதைப் பற்றியதே.

ஆய்விதழின் வழக்கமான வழி

ஆய்விதழ் என்பது செய்தித்தாள் போன்றதன்று. ஆய்வாளர் ஒருவர் தம் கட்டுரையை அனுப்பியதும், ஆசிரியர் குழு முதலில் அதைப் புரட்டிப் பார்க்கும். தகுதி உண்டு எனத் தோன்றினால், அதே துறையில் தேர்ந்த வேறு இரண்டு அல்லது மூன்று அறிஞர்களுக்கு அனுப்பும். சோதனை முறை சரியா, எண்ணிக்கை போதுமா, கூறும் முடிவுக்குச் சான்று உண்டா என்று அவர்கள் துருவிப் பார்ப்பார்கள். குறைகளைப் பட்டியலிட்டுத் திருப்புவார்கள். கட்டுரையாளர் திருத்தி மீண்டும் அனுப்புவார். இவ்வாறு இரண்டு மூன்று முறை போய்வந்த பின்பே கட்டுரை ஏற்கப்படும். இதனைச் 'சக அறிஞர் மதிப்பீடு' என்று கூறலாம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. மதிப்பீடு செய்பவர் தம் சொந்த ஆய்வுக்கும் ஆசிரியப் பணிக்கும் நடுவே நேரம் கிடைக்கும்போதுதான் இதைச் செய்வார். எனவே, கட்டுரை தன் ஆயுளின் பெரும்பகுதியை யாராவது ஒருவருடைய மேசைமேல் காத்துக் கிடந்தே கழிக்கிறது!

பழங்காலத்தில் கடிதம் செல்லும் வேகமே கட்டுரையின் வேகமாக இருந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டு 20 அன்று. அச்செய்தி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளிவந்தது டிசம்பர் 18 அன்று. அக்காலத்திற்கு நான்கு மாதம் என்பது விரைவுதான்.

கப்பல் அஞ்சல் மறைந்து, கணினி வந்த பின்பும் காத்திருப்பு நீங்கவில்லை. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1969இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்னும் அமெரிக்க மருத்துவ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர் ஒரு விதி வகுத்தார். வேறிடத்தில் முன்பே வெளியான ஆய்வைத் தம் இதழ் ஏற்காது என்பதே அவ்விதி. பிற இதழ்கள் பலவும் அதைப் பின்பற்றின. இதன் விளைவு யாது? கட்டுரை அச்சேறும் வரை ஆய்வாளர்கள் தம் முடிவுகளை வெளியே சொல்ல அஞ்சினர். சாதாரணக் காலத்தில் இதனால் பெரிய தீங்கு இல்லை. கொள்ளை நோய்க் காலத்தில் இந்த மௌனம் உயிரையே பறிக்கக்கூடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவிய பின்னர், உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் இதுபற்றி ஆலோசித்தது. 2016 பிப்ரவரியில், சிக்கா வைரஸ் பரவிய வேளையில், பல முன்னணி இதழ்களும் ஆய்வு நிறுவனங்களும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. பொது நலவாழ்வு நெருக்கடியின்போது தகவலை முன்கூட்டியே பகிர்ந்துகொண்டவரின் கட்டுரையை அக்காரணத்திற்காக மறுக்க மாட்டோம் என அவை உறுதி கூறின. 2020 ஜனவரி 31 அன்று, கொரோனாவை முன்னிட்டு இதே உறுதி மீண்டும் அளிக்கப்பட்டது. பூட்டைத் திறந்த சாவி இதுவே எனலாம்.

சீனா காட்டிய வேகமும் எழுந்த கேள்வியும்

நோய் முதலில் தென்பட்ட சீனாவிலிருந்தே அவசர வெளியீடும் தொடங்கியது. வூகான் நகரில் புதுவகை நுரையீரல் அழற்சி கண்டிருப்பதாக 2019 டிசம்பர் 31 அன்று அறிவிக்கப்பட்டது. அந்த வைரசின் முழு மரபணு வரிசையை, ஷாங்காய் நகர அறிஞர் சாங் யோங்சென் குழுவினரின் சார்பாக, ஆஸ்திரேலிய அறிஞர் எட்வர்டு ஹோம்ஸ் 2020 ஜனவரி 11 அன்று இணையத்தில் வெளியிட்டார். எந்த ஆய்விதழுக்காகவும் அது காத்திருக்கவில்லை. உலகெங்கும் நோயறி சோதனைகளும் தடுப்பூசி வேலைகளும் அந்த வரிசையைக் கொண்டே தொடங்கின.

சீன நோய்க்கட்டுப்பாட்டு மையம், தன் வார இதழை 2019 நவம்பரில்தான் தொடங்கியிருந்தது. 'சைனா சி.டி.சி. வீக்லி' என்னும் அந்த ஆங்கில இதழில், 72,314 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2020 பிப்ரவரியில் வெளியாயிற்று. உறுதியான நோயாளிகளில் நூற்றுக்கு 2.3 பேர் இறந்தனர் என்றும், முதியவர்களுக்கே ஆபத்து மிகுதி என்றும் உலகம் முதன்முதலில் பெருங்கணக்காக அறிந்தது இதன் வழியேதான். அதே ஆய்வு, சீன மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பரவலியல் இதழில் சீன மொழியிலும் வந்தது. உலகுக்கு ஆங்கிலம், ஊர் மருத்துவருக்குச் சீனம் என இரு பதிப்புகள். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர் பயன்படும்.

ஆனால் இதே சீனாவில் ஒரு கசப்பும் எழுந்தது. ஜனவரி 29 அன்று 'நியூ இங்கிலாந்து' இதழில் சீன அறிஞர்களின் கட்டுரை ஒன்று வந்தது. முதல் 425 நோயாளிகளை ஆராய்ந்த அக்கட்டுரை, டிசம்பர் நடுப்பகுதியிலிருந்தே நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதற்குச் சான்று உண்டு என்றது. ஆனால் இந்த உண்மை பொதுமக்களுக்கு உறுதியாகக் கூறப்பட்டது ஜனவரி 20 அன்றுதான். 'ஊருக்குச் சொல்லாமல் கட்டுரைக்காகச் சேமித்து வைத்தீர்களா?' என்று மக்கள் சினந்தனர். 'அப்படியன்று, நோயாளிகளின் குறிப்புகளைப் பின்னோக்கி ஆராய்ந்தபோது தெரிந்ததே அது' என விளக்கம் அளிக்கப்பட்டது. கட்டுரை எழுதுவதைக் காட்டிலும் நோய்த் தடுப்பிலேயே அறிவியலார் கருத்தைச் செலுத்த வேண்டும் என்று சீன அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம் அந்நாட்களிலேயே அறிவுறுத்தியது. உண்மை முதலில் யாரிடம் போக வேண்டும், ஆய்விதழுக்கா, ஆஸ்பத்திரிக்கா? இந்தக் கேள்வியைக் கொரோனா எல்லா நாடுகளின் முன்னும் வைத்தது.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டின் முதன்மையான மருத்துவ ஆய்விதழ் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்'. 1913இல் தொடங்கிய இதழ் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை நடத்துகிறது. 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அங்கே கண்ட முதல் மூன்று நோயாளிகளில் இருவரிடமிருந்து எடுத்த வைரசின் முழு மரபணு வரிசையைப் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது. பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கான இதழ் ஒன்றாக இணைக்கப்பட்டு, அதில் அக்கட்டுரை இடம்பெற்றது. இந்தியாவில் முதன்முதலாக வைரசைப் பிரித்தெடுத்து வளர்த்த செய்தியும் அதே இதழில் வந்தது. கோவாக்சின் தடுப்பூசிக்கு மூலமானதும் புனே நிறுவனம் பிரித்தெடுத்த வைரசே.

எல்லாமே இவ்வளவு விரைவாக நடந்துவிடவில்லை. திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வோர் அம்பத்தூரைக் கடப்பார்கள். அதனை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. நாட்டில் எத்தனை பேருக்கு, தெரிந்தும் தெரியாமலும், தொற்று வந்துபோயிருக்கிறது என்று அறிய, இந்நிறுவனம் முன்னின்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2020 மே 11 முதல் ஜூன் 4 வரை, 70 மாவட்டங்களில் 28,000 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. வயது வந்தோரில் நூற்றுக்கு 0.73 பேருக்குத் தொற்று நேர்ந்திருந்தது எனத் தெரியவந்தது. ஜூன் 11 அன்று செய்தியாளர் கூட்டத்தில் அந்த எண் கூறப்பட்டது. ஆனால் முழு விவரம் கொண்ட கட்டுரை இதழில் வந்தது செப்டம்பரில். அதற்குள் நோய் பலமடங்கு பரவி, இரண்டாவது கணக்கெடுப்பே நடந்துகொண்டிருந்தது! பழைய நிலவரம் வரலாற்றுக்குப் பயன்பட்டது. ஆனால் நடப்புக்கு அது பழசாகிவிட்டது.

நேரம் எங்கே மிச்சப்படுகிறது?

அவசர வெளியீடு என்றால் சோதனையை விட்டுவிடுவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் ஏறிச் செல்லலாம். வாகனச் சாலை வழியாகவும் செல்லலாம். எவ்வழியே சென்றாலும் ஏற வேண்டிய உயரம் ஒன்றே. ஏறும் நேரம்தான் குறைகிறது. நல்ல ஆய்விதழ்களும் காத்திருப்பைக் குறைக்கவே முயன்றன. சிந்திப்பதைக் குறைக்க முயலவில்லை. அவை கையாண்ட முறைகளில் முக்கியமானவை:

1. நோய் பற்றிய கட்டுரைகளைத் தனி வரிசையில் வைத்து, வந்தவுடனே பிரித்துப் பார்த்தல்.

2. விரைந்து மதிப்பிட இசைந்த அறிஞர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, வாரக்கணக்கான வேலையைச் சில நாட்களில் முடித்துத் தரும்படி கேட்டல்.

3. நீண்ட கட்டுரைக்குக் காத்திராமல், உறுதியான ஒரே செய்தியைச் சிறு அறிக்கையாக ஏற்றல்.

4. மாத இதழ் நிறையும் வரை பொறுக்காமல், ஏற்ற கட்டுரையை அன்றன்றே இணையத்தில் ஏற்றுதல்.

5. சந்தா கட்டாதவரும் படிக்கும்படி இந்நோய்க் கட்டுரைகளைக் கட்டணமின்றித் திறந்துவிடுதல்.

6. முடிவை மட்டுமன்றி அதற்கு அடிப்படையான எண்களையும் பிறர் சரிபார்க்கும்படி வெளியிடச் சொல்லுதல்.

இவற்றோடு 'முன்பதிப்பு' என்னும் வழியும் பெருவழக்காயிற்று. மதிப்பீட்டுக்கு முன்பே, ஆய்வாளர் தம் கட்டுரையைப் பொது இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவதே முன்பதிப்பு. இயற்பியலார் 1991 முதலே 'ஆர்க்கைவ்' என்னும் களஞ்சியத்தில் இவ்வாறு செய்துவருகின்றனர். உயிரியலுக்கு 2013இலும், மருத்துவத்துக்கு 2019இலும் இத்தகைய களஞ்சியங்கள் தோன்றின. மருத்துவக் களஞ்சியம் தோன்றி ஓராண்டு ஆவதற்குள் கொரோனா வந்துவிட்டது. தமிழ்நாடு, ஆந்திரம் பற்றிய கட்டுரையும் 'சயன்ஸ்' இதழுக்கு முன்பே, ஜூலையில், முன்பதிப்பாக வந்தது. இரண்டரை மாதம் முன்னரே உலகம் அதைப் படிக்க முடிந்தது.

இரண்டு விபத்துகள்

வேகம் வந்தால் விபத்தும் வரும். முதலாவது விபத்து நம் நாட்டிலேயே நேர்ந்தது. புதிய வைரசின் புரதத்தில் காணப்படும் நான்கு சிறு பகுதிகள் எய்ட்ஸ் வைரசின் பகுதிகளை ஒத்துள்ளன என்று டெல்லி ஆய்வாளர்கள் சிலர் 2020 ஜனவரி 31 அன்று முன்பதிப்பு வெளியிட்டனர். 'இது மனிதன் செய்த வைரஸ்' என்ற வதந்திக்கு அது எண்ணெய் வார்த்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் உயிரியலார் அக்கட்டுரையைச் சோதித்தனர். அவை மிகச் சிறிய துண்டுகள். அத்தகைய ஒற்றுமை எத்தனையோ உயிரிகளில் தற்செயலாகவே காணப்படும். பெரிய புத்தகம் ஒன்றில் வரும் இரண்டு சொல் தொடர், வேறொரு புத்தகத்திலும் இருந்தால், இதைப் பார்த்து அதை எழுதினார்கள் என்று கூற முடியுமா? பிப்ரவரி 2 அன்று ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். இரண்டே நாள். ஆனால் வதந்தி திரும்பி வரவில்லை.

முன்பதிப்பில்தான் இந்த ஆபத்து உண்டு, மதிப்பீடு முடிந்தால் அச்சமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டாவது விபத்து, உலகின் மிகப் பழைய மருத்துவ இதழ்களுள் ஒன்றான 'லான்செட்' இதழில் நேர்ந்தது. 671 மருத்துவமனைகளில் 96,032 நோயாளிகளின் விவரத்தை ஆராய்ந்ததாகக் கூறிய கட்டுரை 2020 மே 22 அன்று வெளியாயிற்று. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து மரணத்தை அதிகமாக்குகிறது என்றது அது. மூன்றே நாளில், மே 25 அன்று, உலக நலவாழ்வு நிறுவனம் தான் நடத்திவந்த அம்மருந்துச் சோதனையை நிறுத்தி வைத்தது. பிறகுதான் எண்கள் இடித்தன. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாகக் கட்டுரை கூறியது. அந்நாட்டில் அன்று வரை பதிவான மரணங்களோ 67! மூல விவரத்தைக் காட்டும்படி கேட்டபோது, அதை வைத்திருப்பதாகக் கூறிய நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

பின்னர் நடந்த முறையான சோதனைகளில் அந்த மருந்து கொரோனாவுக்குப் பயன் தரவில்லை என்றே தெரிந்தது. ஆனாலும் அந்தக் கட்டுரை சரியாகிவிடாது. தவறான கணக்கில் சரியான விடை வந்தாலும் ஆசிரியர் மதிப்பெண் தருவதில்லை அல்லவா? இந்த விபத்து கற்பித்த பாடம் தெளிவானது. மதிப்பீடு செய்வோர் கட்டுரையைத்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னாலுள்ள பதிவேட்டைப் பார்ப்பதில்லை. பதிவேடு திறந்திருந்தால்தான் பிறர் சரிபார்க்க முடியும்.

பதினொரு நாளும் எட்டு மாதமும்

இப்போது இரண்டு மருத்துவச் செய்திகளின் பயணத்தை ஒப்பிடுவோம்.

டெக்சாமெத்தசோன் என்பது விலை மலிவான பழைய மருந்து. பிரிட்டனில் நடந்த 'ரெக்கவரி' என்னும் பெருஞ்சோதனை இதனை ஆராய்ந்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளில் மரணத்தை இம்மருந்து மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என 2020 ஜூன் 16 அன்று அறிவித்தார்கள். ஜூன் 22 அன்று முன்பதிப்பு வந்தது. ஜூலை 17 அன்று ஆய்விதழில் வந்தது. இந்திய அரசு ஜூன் 27 அன்றே தன் சிகிச்சை நெறிமுறையில் அம்மருந்தைச் சேர்த்துவிட்டது. அறிவிப்புக்கும் நெறிமுறைக்கும் இடையே பதினொரு நாட்கள்! அவசர வெளியீட்டின் பயனுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி மற்றொன்று. நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் வைரசை எதிர்க்கும் பொருள்கள் இருக்கும். அவருடைய இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை நோயாளிக்கு ஏற்றினால் குணமாகும் அல்லவா? கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. பிளாஸ்மா பெற்றவர்களுள் பலர் பிழைக்கவும் செய்தனர். ஆனால் பெறாதவர்களிலும் பலர் பிழைத்தனரே! பிளாஸ்மாவால் பிழைத்தாரா, தாமாகவே பிழைத்தாரா என்று அறிய, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைச் செய்தது. 'பிளாசிட்' என்னும் அச்சோதனை 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடந்தது. அயப்பாக்கம் நிறுவனத்தின் அறிவியலாரும் இதில் பங்கு கொண்டனர். பிளாஸ்மா பெற்ற 235 பேரில், 28 நாட்களுக்குள் நோய் முற்றியவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து 44 பேர். அதாவது நூற்றுக்கு 19. பெறாத 229 பேரில் 41 பேர், நூற்றுக்கு 18. வேறுபாடு இல்லை எனலாம். இம்முடிவு 2020 செப்டம்பரில் முன்பதிப்பாகவும், மதிப்பீடு முடிந்து அக்டோபர் 22 அன்று 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழிலும் வெளியாயிற்று. கண்டபடி பிளாஸ்மா கொடுக்க வேண்டாம் என நவம்பரில் கழகமும் அறிவுறுத்தியது.

பின் என்ன நடந்தது? 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை வீசியபோது, நோயாளிகளின் உறவினர்கள் பிளாஸ்மா தேடி அலைந்தார்கள். தொலைபேசியிலும் சமூக ஊடகங்களிலும் இரவு பகலாக வேண்டுகோள்கள் பறந்தன. பிராணவாயுக்கும் படுக்கைக்கும் ஓட வேண்டிய கால்கள் இதற்காகவும் ஓடின. 11,558 நோயாளிகளிடம் நடந்த 'ரெக்கவரி' சோதனையிலும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 24 பேர் இறந்தனர் என்ற விவரம் 2021 மே 14 அன்று 'லான்செட்' இதழில் வந்தது. மே 17 அன்று பிளாஸ்மா நம் நாட்டின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. நம்மவர் செய்த சோதனையின் முடிவு முதலில் வெளியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது!

'பயன் உண்டு' என்னும் செய்தி பதினொரு நாளில் ஊர் வந்து சேர்ந்தது. 'பயன் இல்லை' என்னும் செய்திக்கு எட்டு மாதம் பிடித்தது. இந்தத் தாமதம் ஆய்விதழின் குற்றமன்று. அது கட்டுரையை உரிய காலத்தில் வெளியிட்டுவிட்டது. ஆனால் துன்பத்தில் இருப்பவன் நம்பிக்கையை விட மனம் கொள்வதில்லை. கண்முன் நோயாளி துடிக்கும்போது மருத்துவரும் ஏதாவது செய்யவே விரும்புவார். ஆகவே, வெளியிடுவதில் மட்டும் வேகம் இருந்தால் போதாது. வெளியானது படுக்கையருகே போய்ச் சேர்வதிலும் அதே வேகம் வேண்டும்.

படிப்பவர் கேட்க வேண்டியவை

'ஆய்வில் கண்டுபிடிப்பு' என்ற தலைப்போடு செய்தி வரும்போது, மாணவர்களும் பொதுமக்களும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். முதலாவது, இது முன்பதிப்பா, மதிப்பீடு முடிந்த கட்டுரையா, வெறும் செய்தியாளர் கூட்ட அறிவிப்பா? இரண்டாவது, சோதனை யாரிடம் நடந்தது, கண்ணாடிக் குழாயிலா, எலியிடமா, மனிதரிடமா? மூன்றாவது, மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டார்களா? நான்காவது, மூல எண்களைப் பிறர் பார்க்க முடியுமா? ஐந்தாவது, வேறு எவரேனும் இதையே சோதித்து இதே முடிவைக் கண்டார்களா? ஐந்துக்கும் நல்ல விடை கிடைத்தால் நம்பலாம். ஒன்றுக்கு மட்டும் கிடைத்தால் பொறுத்திருக்கலாம். பொறுத்திருக்கும் நேரத்தில் அச்செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் இருப்பதும் ஒரு நலத்தொண்டுதான்.

எந்த மொழியில் வெளியாக வேண்டும்?

ஆப்பிரிக்காவிலுள்ள லைபீரியா நாட்டில் 2014இல் எபோலா நோய் பேரழிவு செய்தது. அந்நோய் தம் நாட்டுக்கு வரக்கூடும் என எவரும் எண்ணவில்லை என்றே அந்நாட்டு அதிகாரிகள் கருதியிருந்தனர். பின்னர் தேடியபோது ஓர் உண்மை தெரிந்தது. லைபீரிய மக்கள் சிலரின் இரத்தத்தில் எபோலாவின் தடயம் இருப்பதாகவும், அந்நாட்டையும் நோய் தாக்கும் பகுதியில் சேர்க்க வேண்டும் என்றும் ஐரோப்பிய ஆய்விதழ் ஒன்று 1982இலேயே வெளியிட்டிருந்தது! இரத்தம் கொடுத்தது லைபீரியா. கட்டுரை தங்கியது ஐரோப்பிய நூலகத்தில். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அது அச்சில் இருந்தது. இருந்தும், அறிய வேண்டியவர்களுக்கு அது இல்லாததாகவே இருந்தது. 2015இல் லைபீரிய நலத்துறையைச் சேர்ந்தவர்களே இதனை வேதனையோடு எடுத்துரைத்தனர்.

நம் 5,75,071 பேரின் கதையையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 'யாரோடு பேசினீர்கள், எங்கே சென்றீர்கள், வீட்டில் எத்தனை பேர்?' என்ற கேள்விகளுக்கு அவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் விடை கூறினார்கள். திருத்தணிக்கு இப்புறமும் அப்புறமும் வாழ்பவர்களின் சொற்கள் எண்களாகி, எண்கள் ஆங்கிலக் கட்டுரையாகி, உலகுக்குப் பயன்பட்டன. அது பெருமைக்குரியது. ஆனால் ஒத்த வயதினர் கூடுமிடத்தில்தான் நோய் எளிதில் தாவுகிறது என்ற முடிவு, விடை கூறிய தறிக்காரருக்கும் கல்லூரி மாணவருக்கும் அவர்கள் மொழியில் திரும்பி வர வேண்டாமா?

சீனர்கள் ஒரே ஆய்வை இரு மொழிகளில் வெளியிட்டதை மேலே கண்டோம். நம்மால் முழுக் கட்டுரையையும் மொழிபெயர்க்க இயலாமல் போகலாம். கொள்ளை நோய்க் காலத்தில் வெளியாகும் ஒவ்வொரு முக்கியமான இந்தியக் கட்டுரையோடும், அந்த ஆய்வு நடந்த பகுதியின் மொழியில் ஒரு பக்கச் சுருக்கம் வெளியிடுவது எளிது. 'என்ன கண்டோம், எவ்வளவு உறுதி, நீங்கள் என்ன செய்யலாம்' என்ற மூன்று செய்திகள் அதில் இருந்தால் போதும். கிராமச் செவிலியர் அதைப் படித்துச் சொல்வார். பள்ளி ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டலாம்.

அடுத்த கொள்ளை நோய் என்று வரும், எங்கிருந்து வரும் என்று எவராலும் கூற இயலாது. வரும்போது வைரசின் மரபணு வரிசை சில நாட்களில் வெளியாகும். முதல் கட்டுரைகள் சில வாரங்களில் வெளியாகும். அதற்கான ஏற்பாடுகள் உலகில் உருவாகிவிட்டன. அச்செய்தியின் கடைசி மைல், ஆங்கில ஆய்விதழிலிருந்து தமிழ் வீட்டுத் திண்ணை வரையிலான தூரம். அந்தச் சாலையை நோய் வந்த பின்பு போட முடியாது. இப்போதே போட்டு வைக்க வேண்டும்.